மலைப் பாதையில் கிளட்ச்: தேய்மானமும் கருகிய வாடையும்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்தது காந்தலூர். தமிழ்நாட்டு எல்லைக்கு அணித்தாக, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இது அமைந்துள்ளது. மறையூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஊர்களுடன் சேர்த்து அஞ்சுநாடு எனப் பண்டுதொட்டு வழங்கப்பெறும் ஊர்த் தொகுதியில் இதுவும் ஒன்று. தமிழ் பேசும் குடியானவர்கள் மிகுதியாக வாழும் இவ்வூரின் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. உருளைக் கிழங்கு, காரட், முட்டைக்கோசு ஆகியவற்றோடு ஆப்பிள், பிளம்ஸ் போன்ற குளிர்நாட்டுப் பழங்களும் இங்கு விளைகின்றன. 2023-ஆம் ஆண்டில் மத்திய சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தலூர் தங்கப் பரிசு பெற்றது.

சமவெளியிலிருந்து இவ்வூருக்குச் செல்வோர் உடுமலைப்பேட்டையிலிருந்து புறப்பட்டுச் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடே மறையூரை அடைந்து, பாம்பாற்றங்கரையிலுள்ள கோவில்கடவைக் கடந்து மேலே ஏறுகின்றனர். உடுமலைப்பேட்டைக்கும் காந்தலூருக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு 1,100 மீட்டர் அளவினது. இத்தகைய பாதையில் கையால் கியர் மாற்றும் சிறு கார்களில் செல்வோர் பலருக்கும் பழக்கமான அனுபவம் ஒன்றுண்டு. வளைவொன்றில் எதிர்வண்டிக்காக நின்று மீண்டும் புறப்படும்போது, காகிதம் கருகுவது போன்ற காரமான வாடை வண்டிக்குள் புகுகின்றது. சிலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை; வேறு சிலர் வண்டி தீப்பற்றிவிட்டதோ என்று அஞ்சுகின்றனர். இவ்விரண்டும் தவறானவை. அந்த வாடை எதனைத் தெரிவிக்கின்றது என்பதை அறிந்தவர் வண்டியையும், அதைவிட முக்கியமாக அதில் பயணம் செய்வோரையும் காத்துக்கொள்ள இயலும். மலைக் கிராமங்களில் பணியாற்றும் களப் பணியாளர்களுக்கு இந்த அறிவு அன்றாடத் தேவையாகும்.

கிளட்ச் செய்யும் வேலை

நீராவி இயந்திரமும் மின்சார மோட்டாரும் நின்ற நிலையிலேயே இழுவிசையைத் தரவல்லவை. பெட்ரோல், டீசல் எஞ்சின்களுக்கு அந்த ஆற்றல் இல்லை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்றுகளேனும் சுழன்றுகொண்டிருந்தால்தான் அவை உயிரோடிருக்கும். ஆனால் புறப்படும் வண்டியின் சக்கரமோ அசையாமல் நிற்கின்றது. சுழலும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் படிப்படியாக இணைத்து, இரண்டும் ஒரே வேகத்தை அடையும்வரை இடைநின்று உதவுவதே கிளட்சின் வேலை.

இதன் அமைப்பு எளியது. எஞ்சினோடு இணைந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் பிளைவீல் ஆகும். அதன் முகத்தை ஒட்டி, இரு புறமும் உராய்வுப் பொருள் பதித்த வட்டத் தட்டு ஒன்றுள்ளது. இதுவே கிளட்ச் பிளேட். இது கியர் பெட்டியின் தண்டோடு பொருந்தியிருக்கும். இதனைப் பின்னாலிருந்து பிளைவீலின்மீது அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். அழுத்தும் விசையைத் தருவது உருக்கினால் ஆன வில். ஓட்டுநர் மிதிகட்டையை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து வில்லின் பிடியைத் தளர்த்துகின்றது, இணைப்பு அறுகின்றது. காலை எடுத்ததும் வில் மீண்டும் தட்டை நெருக்கிப் பிடிக்கின்றது.

இந்தப் பிடிப்பின் அளவைக் கணக்கிடலாம். உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, உராயும் முகங்கள் இரண்டாதலின் அதனை இரட்டித்தால், கிளட்ச் தாங்கக்கூடிய திருப்பு விசை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, குணகம் 0.3, அழுத்தும் விசை 3,000 நியூட்டன், ஆரம் 0.08 மீட்டர் என்று கொண்டால், விடை 144 நியூட்டன்-மீட்டர். எஞ்சின் தரும் உச்சத் திருப்பு விசை 110 நியூட்டன்-மீட்டராயின், கிளட்சுக்குப் போதிய கையிருப்பு உண்டு. ஆனால் உராய்வுக் குணகம் 0.2 ஆகக் குறைந்துவிட்டால் பிடிப்பு 96 ஆகச் சுருங்கும். அப்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கும் வேளைகளில் எஞ்சின் விரைந்து சுழலும். வண்டி அதற்கேற்ப விரைந்து செல்லாது. கிளட்ச் வழுக்குகிறது என்று மெக்கானிக்குகள் கூறுவது இந்த நிலையைத்தான்.

வழுக்கலில் பிறக்கும் வெப்பம்

உராய்வினால் வெப்பம் தோன்றும் என்பதைத் தொன்மக்களும் அறிந்திருந்தனர். ஆயினும் எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்ற வினா 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாக எழுந்தது. மியூனிக் நகரின் பீரங்கித் தொழிற்சாலையில் பித்தளைக் குழாய்களைக் குடையும்போது அவை பெரிதும் சூடேறுவதை ரம்ஃபோர்டு பிரபு என்னும் அறிஞர் கண்டார். மழுங்கிய துளைக் கருவியை அழுத்தி வைத்து, சுற்றிலும் நீரை நிரப்பி, குதிரைகளின் உதவியால் அவர் பீரங்கியைச் சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல் அந்நீர் கொதித்தது. 1798-இல் அவர் வெளியிட்ட இந்த ஆய்வும், 1840-களில் ஜூல் செய்த நுட்பமான அளவீடுகளும் வெப்பம் ஆற்றலின் ஒரு வடிவமே என்பதை நிலைநாட்டின. கிளட்ச் வழுக்கும் ஒவ்வொரு நொடியும் ரம்ஃபோர்டின் சோதனை வண்டியின் அடியில் மீண்டும் நடைபெறுகின்றது எனலாம்.

சமதளத்தில் வண்டி புறப்படுவதை முதலில் ஆராய்வோம். எஞ்சின் நிலையான வேகத்தில் சுழல்கின்றது. கியர் பெட்டியின் தண்டு சுழியிலிருந்து தொடங்கிச் சீராக அந்த வேகத்தை எட்டுகின்றது. இடைப்பட்ட நேரத்தில் தண்டின் சராசரி வேகம் எஞ்சின் வேகத்தில் பாதி. ஆகவே எஞ்சின் தந்த ஆற்றலில் பாதியே வண்டிக்குச் சேர்கின்றது. மறுபாதி கிளட்சில் வெப்பமாகின்றது. ஓட்டுநர் எவ்வளவு திறமையானவராயினும் இந்த இழப்பைத் தவிர்க்க முடியாது.

1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டி, முதல் கியரில் எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் இடையே 14-க்கு 1 என்ற மொத்தப் பல் விகிதம், 0.28 மீட்டர் சக்கர ஆரம், நிமிடத்திற்கு 1,500 சுற்று எஞ்சின் வேகம் என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் முழுவதும் பிடித்துக்கொள்ளும்போது வண்டியின் வேகம் மணிக்கு 11 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். அப்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 6 கிலோஜூல். எனவே கிளட்சில் சேரும் வெப்பமும் அதே 6 கிலோஜூல்தான். இதனை இரும்புத் தட்டுகள் எளிதில் ஏற்றுக் காற்றில் கலந்துவிடும்.

ஏற்றத்தில் நேர்வது என்ன?

இனி, அதே வண்டி 10-க்கு 1 என்ற ஏற்றத்தில் நிற்பதாகக் கொள்வோம். இந்தியச் சாலைகள் காங்கிரசின் நெறிமுறைப்படி செங்குத்தான மலைப் பகுதிகளிலும் சாலையின் ஏற்றம் நூற்றுக்கு 6 என்ற அளவில் இருப்பது நன்று. தவிர்க்க முடியாத இடங்களிலேயே 8 வரை செல்லலாம். ஆனால் கொண்டையூசி வளைவுகளின் உட்புறத்திலும், தோட்டங்களுக்கும் விடுதிகளுக்கும் பிரிந்து செல்லும் கிளைப் பாதைகளிலும் ஏற்றம் இந்த எல்லையைக் கடந்திருப்பது மலையூர்களில் இயல்பு. மறையூரிலிருந்து காந்தலூருக்குரிய ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்தில் 500 மீட்டர் ஏற வேண்டியிருப்பதால், சராசரி ஏற்றம் 30-க்கு 1 என்றே தோன்றும். கிளட்சைக் கருக்குவது இந்தச் சராசரியன்று. இடையிடையே வரும் செங்குத்தான சில மீட்டர்களே.

10-க்கு 1 ஏற்றத்தில் வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை 1,176 நியூட்டன். அதனைத் தாங்கி நிறுத்தக் கிளட்ச் 23.5 நியூட்டன்-மீட்டர் திருப்பு விசையைக் கடத்த வேண்டும். பிரேக்கை மிதிக்காமல், கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தியபடி வண்டியை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. வண்டி நகராததால் எஞ்சின் கிளட்சுக்குத் தரும் ஆற்றல் ஒரு துளியும் பயனாவதில்லை, முழுவதும் வெப்பமே. நிமிடத்திற்கு 1,500 சுற்றில் இந்த வெப்பத்தின் அளவு 3.7 கிலோவாட். அதாவது, தண்ணீர் காய்ச்சும் இரண்டு பெரிய மின்சார ஹீட்டர்களைக் கிளட்சுக்குள் வைத்ததற்கு ஒப்பாகும். ஒரு நிமிடத்தில் சேரும் வெப்பம் 221 கிலோஜூல். 25 டிகிரி செல்சியஸில் உள்ள 700 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். சமதளத்தில் 37 முறை புறப்படுவதற்கு ஈடான தேய்மானம் அந்த ஒரு நிமிடத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றது.

இந்த வெப்பத்தை முதலில் ஏற்பவை பிளைவீலும் பிரஷர் பிளேட்டும். அவற்றில் 6 கிலோகிராம் இரும்பு இதனைப் பகிர்ந்து ஏற்பதாகக் கொண்டால், அதன் உஷ்ணநிலை 80 டிகிரி உயரும். உராயும் மேற்பரப்பின் உஷ்ணநிலை இதனினும் மிகுதி. எஞ்சினை ஒட்டிய கூட்டுக்குள் ஏற்கனவே வெப்பம் நிறைந்திருப்பதால், குளிர நேரமின்றி மூன்று, நான்கு நிமிட வழுக்கல் சேர்ந்தாலே 300 டிகிரியை நெருங்கிவிடலாம்.

புறப்படும் முறையிலும் நுட்பமான செய்தியொன்று உண்டு. ஏற்றத்தில் வண்டியைத் தாங்குவதற்கே ஒரு பங்கு திருப்பு விசை செலவாகின்றது. எஞ்சியதே வண்டியை முன்னே உந்தும். தாங்குவதற்குத் தேவையானதைப்போல் இரு மடங்கு விசையைக் கடத்துமாறு கிளட்சை விட்டால், சமதளத்தில் தோன்றும் வெப்பத்தைப் போல் இரு மடங்கு தோன்றும். தயங்கித் தயங்கி, ஒன்றேகால் மடங்கு விசையே செல்லுமாறு விட்டால் வெப்பம் ஐந்து மடங்காகும். மென்மையாக விடுவதே கிளட்சுக்கு நல்லது என்ற பொதுக் கருத்து மலையேற்றத்தில் பொருந்தாது. மறுபுறம், எஞ்சினை அளவுக்கு மீறி அலறவிடுவதும் கேடு தரும். நிமிடத்திற்கு 1,500 சுற்றுக்குப் பதிலாக 3,000 சுற்றில் புறப்பட்டால், கடத்தப்படும் விசை அதுவேயாயினும், வெப்பம் நான்கு மடங்காகின்றது. குறைந்த சுற்றில், தயக்கமின்றி, விரைவில் முழுப் பிடிப்பைக் கொடுப்பதே சரியான வழி.

உயரமும் தன் பங்கிற்குத் துன்பம் தருகின்றது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலிமையும் அதற்கேற்பக் குறையும். ஐவரும் அவர்தம் மூட்டைகளும் ஏறிய சிறு காரில் எஞ்சின் நின்றுவிடுமோ என்று அஞ்சும் ஓட்டுநர், ஆக்ஸிலேட்டரை மேலும் அழுத்திக் கிளட்சை நெடுநேரம் வழுக்கவிடுகின்றார். விடுதி வாசலின் செங்குத்தான தளத்தில் பின்னோக்கி ஏற்றி நிறுத்த முயலும்போதும் இதுவே நிகழ்கின்றது. பின்னோட்டக் கியரின் விகிதம் முதல் கியரின் விகிதத்தை ஒத்ததே. ஓரங்குலம் ஓரங்குலமாக நகர்த்தும் முயற்சியில் கிளட்ச் இடையறாது வழுக்குகின்றது.

காந்தலூரில் தோட்டப் பாதைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இதனினும் கடினமான ஏற்றங்களில் நாள்தோறும் செல்கின்றன. ஓட்டுநரின் பழக்கத்தோடு, நான்கு சக்கர இயக்கத்திற்குரிய குறைவேகக் கியரும் அவற்றிற்குத் துணை. பழைய வில்லிஸ் ஜீப்பில் இந்தக் கியர் விகிதத்தை ஏறத்தாழ இரட்டித்தது. விகிதம் இரட்டித்தால், ஏற்றத்தில் வண்டியைத் தாங்கக் கிளட்ச் கடத்த வேண்டிய விசை பாதியாகும். சமதளத்தில் ஓடப் பயன்படும் கார்களில் இந்த வசதி இல்லை என்பதை அவற்றின் ஓட்டுநர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

உராய்வுப் பொருளும் அதன் எல்லையும்

உராய்வுப் பொருளின் வரலாறும் ஒரு மலைப் பாதையில்தான் தொடங்குகின்றது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப் பகுதியில் குதிரை வண்டி ஓட்டுவோர், இறக்கத்தில் வண்டியைத் தடுக்க, மரத்தாலான தடைக்கட்டையில் பழைய காலணித் தோலை வைத்துப் பயன்படுத்துவதை ஹெர்பெர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். அதனினும் சிறந்த பொருளை உருவாக்க முனைந்து, 1897-இல் ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் வெப்பத்தைத் தாங்கும் கல்நார் இத்துறையில் நெடுங்காலம் பயன்பட்டது. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு விளைவிப்பது உறுதியானபின் கண்ணாடி இழை, அராமிட் இழை முதலியன அதன் இடத்தைப் பிடித்தன. சென்னையில் ரானே பிரேக் லைனிங் நிறுவனம் 1964-இல் தொடங்கப்பெற்றது முதல் தமிழ்நாட்டிலும் உராய்வுப் பொருள்களின் உற்பத்தி வளர்ந்து வந்துள்ளது.

கார்களின் கிளட்ச் பிளேட்டில் இழைகளைப் பிணைத்து வைப்பது பிசின் வகைப் பொருளாகும். உஷ்ணநிலை 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல்லும்போது பிசின் சிதையத் தொடங்கி ஆவியை வெளிவிடுகின்றது. மூக்கில் படும் காரமான வாடை இதுவே. ஒருமுறை சிறிது வாடை எழுவதால் கிளட்ச் அழிந்துவிடாது. மேற்பரப்பின் மெல்லிய படலம் மட்டுமே கருகியிருக்கும். ஆனால் இது தொடர்ந்தால் தட்டின் முகம் கண்ணாடி போல் வழவழப்பாகும். உராய்வுக் குணகம் குறைய, வழுக்கல் மிகும். வழுக்கல் மிக, வெப்பம் மிகும். இரும்பு முகத்தில் நீலநிறப் புள்ளிகளும் மயிரிழை போன்ற வெடிப்புகளும் தோன்றும். பிரஷர் பிளேட் வளையும். பல்லாண்டு உழைக்க வேண்டிய கிளட்ச் ஒரே பயணத்தில் பாழாவதற்கு இந்தத் தொடர்விளைவே காரணம்.

வாடையை இனங்காணுதல்

கருகிய வாடைகள் எல்லாம் கிளட்சிலிருந்து வருவன அல்ல. எந்தச் சூழ்நிலையில் வாடை எழுந்தது என்பதே முதல் சான்று. ஏற்றத்தில் புறப்படும்போதோ பின்னோக்கி ஏற்றும்போதோ எழுந்தால் கிளட்சையே முதலில் ஐயுற வேண்டும். இறக்கத்தில் செல்லும்போது அதே போன்ற வாடை எழுந்தால் அது பிரேக்கின் உராய்வுப் பொருள் கருகுவதாகும். சக்கரத்தின் அருகே நின்றால் வெப்பம் புலப்படும். இனிப்புக் கலந்த வாடையும் ஆவியும் ரேடியேட்டர்த் திரவம் கசிவதைக் காட்டும். எண்ணெய் தீயும் வாடை, எஞ்சின் எண்ணெய் சூடான புகைக் குழாயின்மீது சொட்டுவதைக் குறிக்கும். பிளாஸ்டிக் உருகும் வாடை மின்கம்பி உறையைப் பற்றியது. இது எழுந்தவுடன் எஞ்சினை நிறுத்தி அனைவரும் இறங்கி விலகி நிற்க வேண்டும்.

வாடை எழுந்தபின் செய்ய வேண்டுவன

கிளட்ச் வாடை எழுந்தால் வளைவு இல்லாத, பாதுகாப்பான, கூடியவரை சமமான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். கைப் பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்து விட வேண்டும். எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டால், சுழலும் தட்டுகள் காற்றை அலைத்துக் குளிர்ச்சி பெறும். அதன்பின் நிறுத்தி, மொத்தம் அரை மணி நேரம் ஓய்வு கொடுப்பது நலம். தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்ய முயலலாகாது; சூடான வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். சின்னாறு வழியில் யானை நடமாட்டம் உண்டு. ஆதலின் காட்டுப் பகுதியில் வாடை தொடங்கினால், வண்டி இழுக்கும் நிலையில் இருக்குமாயின் மெல்லச் சென்று மக்கள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்துவதே அறிவுடைமை.

ஓய்வுக்குப்பின் மீண்டும் புறப்படும்போது, பயணிகளை இறக்கிச் செங்குத்தான பகுதியை அவர்கள் நடந்து கடக்கச் செய்யலாம். ஐந்து பேருள் நால்வர் இறங்கினால் ஏறத்தாழ 250 கிலோகிராம் எடை குறைகின்றது. 1,200 கிலோகிராமில் இது ஐந்தில் ஒரு பங்கு. கிளட்ச் ஏற்க வேண்டிய சுமையும் அதே அளவில் குறையும்.

முன்னெச்சரிக்கைகள்

முதலாவது, ஏற்றத்தில் நிற்கும்போது வண்டியைத் தாங்குவது பிரேக்கின் கடமை, கிளட்சின் கடமையன்று. கைப் பிரேக்கை இட்டு நிறுத்தி, கிளட்ச் பிடிக்கத் தொடங்கி வண்டியின் முகப்பு சற்றே எழுவதை உணர்ந்தவுடன் பிரேக்கை விடுவித்துப் புறப்பட வேண்டும். இரண்டாவது, எப்போதும் முதல் கியரிலேயே புறப்பட வேண்டும். இரண்டாம் கியரில் புறப்படுவது வெப்பத்தைப் பல மடங்காக்கும். மூன்றாவது, வரிசையில் வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது முன்வண்டி சில மீட்டர் முன்னேறும்வரை காத்திருந்து, பின் கிளட்சை முழுவதும் விட்டு ஓட்டிச் சென்று நிற்க வேண்டும். நான்காவது, கியர் மாற்றாத நேரத்தில் மிதிமேல் கால் இருத்தலாகாது. காலின் சுமையே வில்லின் பிடியைத் தளர்த்திவிடும். ஐந்தாவது, கம்பியால் இயங்கும் கிளட்சில் மிதிக்குரிய தளர்ச்சி, தயாரிப்பாளரின் கையேட்டில் கூறிய அளவில் உள்ளதா என்று பயணத்திற்கு முன் பார்க்க வேண்டும். மிதி தேவையில்லாத தானியங்கி வகைகளுள், கையால் மாற்றும் கியர் பெட்டியையே கருவிகளால் இயக்கும் வகையிலும் இதே உலர்ந்த கிளட்ச் உண்டு. ஏற்றத்தில் அவ்வண்டியை ஆக்ஸிலேட்டரால் தாங்கி நிறுத்தினால் அதுவும் கருகும்.

குறுகிய மலைச் சாலையில் இரு வண்டிகள் எதிர்ப்படும்போது ஏறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் கூறின. அவற்றின் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன. ஏறுகின்ற வண்டியை நிறுத்தினால் அது மீண்டும் புறப்பட எவ்வளவு வெப்பத்தை ஏற்க வேண்டும் என்பதை மேற்கண்ட கணக்கு காட்டுகின்றது. எனவே இந்த விதி மரியாதையை மட்டும் பற்றியதன்று. இயற்பியலையும் அடிப்படையாகக் கொண்டது.

தேய்மானத்தின் அடையாளங்கள்

உயர்ந்த கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் ஒலி ஏறியும் வேகம் ஏறாமையும், மிதி மிக மேலே வந்தபின்னரே பிடிப்புத் தொடங்குவதும், புறப்படும்போது வண்டி நடுங்குவதும் முக்கிய அடையாளங்கள். மிதிக்கும்போது மட்டும் எழும் கீச்சொலி ரிலீஸ் பேரிங்கின் கோளாறாக இருக்கலாம். ஐயம் ஏற்பட்டால் ஆளில்லாத சமதளத்தில் கைப் பிரேக்கை இறுக்கி, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பார்க்கலாம். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் பிடிப்பு உள்ளது. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகின்றது. இச்சோதனையும் வெப்பம் உண்டாக்குவதே. ஆகையால் ஒருமுறைக்கு மேல் செய்யலாகாது. பிளேட்டை மாற்றும்போது எஞ்சின் எண்ணெய் கசிந்து தட்டில் படிந்துள்ளதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கசிவு நிற்காவிடில் புதிய பிளேட்டும் விரைவில் வழுக்கும். பழைய வண்டியின் கிளட்ச் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். அதனை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

இறக்கத்தில் எழும் வாடை

கிளட்ச் கருகினால் வண்டி நகராமல் நிற்கும். பிரேக்கு கருகினால் வண்டி நிற்காமல் ஓடும். ஆகவே, திரும்பும் பயணத்தில் எழும் வாடை பன்மடங்கு கவலைக்குரியது. காந்தலூரிலிருந்து மறையூருக்கு 500 மீட்டர் இறங்கும் 1,200 கிலோகிராம் வண்டி இழக்கும் நிலை ஆற்றல் 5,880 கிலோஜூல். 18 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். சக்கரங்களின் உருட்சித் தடையும் காற்றும் இதில் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சியதை எஞ்சினோ பிரேக்கோ ஏற்றாக வேண்டும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால், எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் உருளவிடுவோர் அந்த முழுச் சுமையையும் பிரேக்கின் தலையில் ஏற்றுகின்றனர். மிகையாகச் சூடேறிய பிரேக்கின் பிடிப்புக் குறையும். பிரேக்குத் திரவம் கொதித்தால் மிதி தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. இறக்கத்தில் வாடை எழுந்தால், பிடிப்பு எஞ்சியிருக்கும்போதே கீழ்க் கியருக்கு மாறி, வண்டியை ஓரமாக நிறுத்திப் பிரேக்கை ஆறவிட வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

உராய்வுக் குணகத்தை ஆசிரியர்கள் எளிய முறையில் அளந்து காட்டலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகட்டையோ பலகையையோ மேசைமேல் கிடத்தி, அதன்மேல் தோல் துண்டு ஒட்டிய மரக்கட்டையை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்த வேண்டும். கட்டை நழுவத் தொடங்கும் நிலையில், உயர்ந்த முனையின் உயரத்தை அதன் கிடைத்தூரத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். சாய்வு 17 டிகிரியாயின் குணகம் ஏறத்தாழ 0.3, அதாவது மேலே கணக்கில் கொண்ட கிளட்ச் பிளேட்டின் அளவு. கட்டையின்மேல் எடையை ஏற்றினாலும் நழுவும் கோணம் பெரும்பாலும் மாறாது என்பதை மாணவர் காண்பர். 1699-இல் அமொந்தோனும் 1785-இல் கூலும்பும் வெளியிட்ட விதிகளின் சாரம் இதுவே. பின்னர்ப் பலகையில் சில துளி எண்ணெய் தடவி மீண்டும் அளந்தால் கோணம் எவ்வளவு குறைகின்றது என்பது விளங்கும். எண்ணெய் கசிந்த கிளட்ச் ஏன் வழுக்குகின்றது என்பதற்கு இதனைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

மலையூர்களில் பிணியாளரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், விளைபொருளைச் சந்தைக்கு அனுப்புவதும், தேர்வுத்தாள்களைப் பள்ளிக்குச் சேர்ப்பதும் வண்டிகளை நம்பியே நடைபெறுகின்றன. பாதி வழியில் கிளட்ச் கைவிட்டால் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. கருகிய வாடை எழுவதற்கும் கிளட்ச் முற்றிலும் அழிவதற்கும் இடையே போதிய அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருக்கும் ஓட்டுநர், பெரும்பாலும் அன்றே தம் பயணத்தைச் செவ்வனே முடித்துவிடுவார்.